பெரட்டில் இரண்டு கிராணி



உங்கள் வீட்டு அலமாரியின் மேலேயோ சாமி மாடத்துக்குப் பக்கத்திலேயோ, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கிறதா? இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இல்லாவிட்டாலும் படியுங்கள். இதில் ஒரு பையன் வருகிறான். அவனுக்கு நான் செய்த ஓர் அநியாயமும் வருகிறது. அதை எழுத்தில் சொல்லிவிட வேண்டும் என்று சில ஆண்டுகளாகவே மனத்துக்குள் வைத்திருக்கிறேன்.

நான் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா பால்மரம் வெட்டினார். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு அம்மா உரம் போடப் போனார். இப்போது நான் ஈப்போவில் இருக்கிறேன். கடைகளிலும் அலுவலகங்களிலும் ரௌட்டர், ஸ்விட்ச், ஃபயர்வால் என்கிற பெட்டிகளைப் பொருத்துவதும், அவை மக்கர் செய்தால் ஓடிப்போய்ப் பார்ப்பதும் என் தொழில். "அது என்ன தம்பி, டிவி ரிப்பேரு மாதிரியா?" என்று தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். "கிட்டத்தட்ட அப்படித்தான் தாத்தா" என்று சொல்லிவிட்டு வந்தேன். சரியாகச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு தோன்றியது. நாற்பது ஆண்டுகள் பெரட்டுக்குப் போன மனிதர். அவருக்குப் புரியாததா?

நான் சிறுவனாக இருந்தபோது தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் ஆபீஸுக்குத்தான் வரும். வெளியுலகத்துக்குத் தோட்டத்தின் பெயர் ஒன்றுதான் தெரியும். எந்தக் கடிதம் எந்த லயத்துக்கு, எத்தனையாம் நம்பர் வீட்டுக்கு என்பது கிராணிக்குத்தான் தெரியும். ரௌட்டர் என்பது அந்தக் கிராணி. ஸ்விட்ச் என்பது தப்பால் பையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு லயம் நடக்கிற ஆள். கேட்டுக்கு வெளியே அவருக்கு வேலை இல்லை, உள்ளே எந்தக் கதவு எங்கே என்பது மட்டும் அத்துபடி. ஃபயர்வால் கேட்டில் நிற்கும் ஜாகா. நீங்கள் வரச் சொன்ன ஆளை உள்ளே விடுவார். கூப்பிடாமல் வருகிறவனை நிறுத்துவார். வீடுகளில் இந்த மூன்று பேரும் பெரும்பாலும் ஒரே பெட்டிக்குள் குடியிருப்பார்கள்.

கிராணிக்கு இன்னொரு வேலையும் உண்டல்லவா? விடியற்காலைப் பெரட்டில் இன்னாருக்கு இன்ன நிரை என்று சொல்லுவார். ரௌட்டரும் அப்படித்தான். வைஃபையில் நுழைகிற ஒவ்வொரு கைப்பேசியும், "நான் வந்துவிட்டேன், எனக்கு என்ன நம்பர்?" என்று சத்தம் போட்டுக் கேட்கும். ரௌட்டர் ஒரு நம்பர் கொடுத்து, "வெளியே போவதானால் இந்த வாசல் வழியாகப் போ" என்று வழியும் காட்டும். இதற்கு டிஎச்சிபி என்று பெயர். பெயர் மறந்தாலும் பரவாயில்லை, பெரட்டை மறந்துவிடாதீர்கள். கதையே அங்கேதான் இருக்கிறது.

2020 மார்ச் 18ஆம் தேதி நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடம் கைப்பேசிக்குள் போய்விட்டது. எங்கள் தோட்டத்திலோ தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால்தான் லைன் கிடைக்கும். அந்த ஜூன் மாதம் சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி தேர்வு எழுதுவதற்காக மரத்தின் மேல் ஏறித் தங்கியதை நாடே பார்த்து வியந்தது. எங்கள் பிள்ளைகள் பதினொரு பேர் மேட்டில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை.

கோயில் கமிட்டித் தலைவர் எனக்குப் போன் செய்தார். பதினெட்டு வீடுகள், வீட்டுக்கு மாதம் பத்து வெள்ளி என்று முடிவாயிற்று. அந்த ஆகஸ்டில் நான் போய் வேலையை ஆரம்பித்தேன். பழைய ஆயாக் கொட்டகையில் சிம் அட்டை போடுகிற 4ஜி ரௌட்டர் ஒன்று. தகரக் கூரை அலையை மறைக்கும் என்பதால் வெளியே கம்பம் நட்டு உயரத்தில் ஆண்டெனா. ரௌட்டருக்குப் பக்கத்தில் எட்டு வாய் ஸ்விட்ச். அதிலிருந்து மூன்று லயத்துக்கும் குழாய்க்குள் கேபிள்.

அப்போதுதான் அந்தப் பையன் வந்து சேர்ந்தான். இரண்டாம் படிவம் படித்துக்கொண்டிருந்தான். அவன் பெயரை எழுத வேண்டாம் என்று அவன் தாயார் கேட்டுக்கொண்டார். அவர் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறார். எனக்கு அக்கா முறை. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இருக்கும்; முனையில் கவ்வியை மாட்டும்போது நிறம் வரிசை மாறக்கூடாது. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. அவன் அதை வாய்ப்பாடு மாதிரி இரண்டே தடவையில் பாடமாக்கிக்கொண்டான். நான்காவது முனையிலிருந்து அவனே மாட்டினான். கேபிள் நூறு மீட்டரைத் தாண்டக்கூடாது என்று சொன்னபோது, மூன்றாம் லயத்துக்குக் காலடி வைத்து அளந்து, "தொண்ணூறுக்குள்ள வந்திடும் மாமா" என்றான். வந்தது.

ஊருக்குப் புறப்படும்போது கொட்டகைச் சாவியை அவனிடமே கொடுத்தேன். "இடி இடிச்சா ஓடி வந்து கரண்டு ப்ளக்கையும் ஆண்டெனா ஒயரையும் கழட்டிடு. எனக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கிட்டு நிக்காதே" என்று சொன்னேன். நம் நாட்டு இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்னல் கம்பி வழியாக வந்தால் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் கரிதான்.

முதல் லயத்திலும் மூன்றாம் லயத்திலும் புதிய வைஃபை பெட்டிகள் வைத்தோம். இரண்டாம் லயத்துக்குக் காசு பத்தவில்லை. கொட்டகையிலிருந்து எட்டுகிற அலையை வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். டிசம்பர் கடைசியில் மறுபடி போனபோது, என் வீட்டில் சும்மா கிடந்த பழைய ரௌட்டரை எடுத்துப் போய் அங்கே மாட்டினேன். பழையதானாலும் அதுவும் ஒரு கிராணிதான். ஆகவே அதற்கு நம்பர் கொடுக்கும் உத்தியோகத்தை நிறுத்திவிட்டு, வெறும் வைஃபை கொடுக்கும் வேலையை மட்டும் விட்டுவைக்க வேண்டும். அப்படியே செய்தேன். அதனுடைய சொந்த நம்பரையும் மாற்றினேன். ஐந்து கைப்பேசியில் சோதித்தேன். எல்லாம் சரி. அக்கா வீட்டில் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு ஈப்போவுக்குத் திரும்பினேன்.

2021 ஜனவரியில் நடமாட்டக் கட்டுப்பாடு திரும்பவும் இறுகியது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக முடியாது. தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னதாக, மாலையில் தோட்டத்தில் பெரிய இடி மழை. பையன் நனைந்துகொண்டே ஓடிப் போய் நான் சொன்னபடி ப்ளக்கைப் பிடுங்கினான். சற்று நேரத்தில் தோட்டம் முழுக்கக் கரண்டு போயிற்று. இரவு பத்து மணிக்கு வந்ததும் அவனே திரும்பவும் மாட்டிவிட்டு வந்து படுத்தான்.

மறுநாள் காலை தலைவர் போன் செய்தார். "தம்பி, அந்தப் பய ராத்திரி பெட்டியில கைய வச்சிருக்கான். பாதி வீட்டுக்கு வரல. புள்ளைங்க கிளாஸ் போச்சு."

பையனைக் கூப்பிட்டேன். "என்னடா நோண்டினே?"

"நான் ஒண்ணும் செய்யல மாமா. நீங்க சொன்ன மாதிரி ப்ளக்கைத்தான் புடுங்கினேன்."

"பொய் சொல்லாதே."

வாசகர்களே, இந்த இரண்டு வார்த்தையை நான் சொன்னேன். தொழில் தெரிந்தவன், இருபது ஆண்டுகள் இதே வேலையில் இருப்பவன், விளக்கு எரிகிறதா என்றுகூடக் கேட்காமல் சொன்னேன்.

பெட்டியை அணைத்து அணைத்துப் போடச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ஒரு விசித்திரம் நடந்தது. வராத வீடு இரண்டுக்கு வந்தது. வந்துகொண்டிருந்த வீடு மூன்றுக்குப் போயிற்று. வைஃபை கோடு மட்டும் எல்லா வீட்டிலும் முழுசாக நின்றது. யாரோ கேபிளின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்சில் சொருகிவிட்டார்களோ என்று நினைத்தேன். அப்படிச் செய்தால் ஒரே தப்பால் பை ஓயாமல் சுற்றிச் சுற்றி வந்து, வேறு எதற்கும் வழியில்லாமல் போய்விடும். விலை கூடிய ஸ்விட்சுகளில் அதைத் தடுக்கும் முறை உண்டு. 1985இல் ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்டுபிடித்தது. எங்களுடையது மலிவு ஸ்விட்ச். ஆனால் பையன் எண்ணிப் பார்த்துச் சொன்ன ஒயர்களெல்லாம் சரியாகவே இருந்தன. "சரியாகப் பார்த்தாயா?" என்று அதற்கும் ஒரு தடவை அதட்டினேன்.

இதற்குள் தோட்டத்தில் பேச்சு முற்றிவிட்டது. கெட்ட காலம், அவன் வீட்டுக்கு மட்டும் அந்த வாரம் இணையம் விடாமல் வந்துகொண்டிருந்தது. "வேண்டியவன் வீட்டுக்குத் திறக்கிறான், வேண்டாதவன் வீட்டுக்கு அடைக்கிறான்" என்றார்கள். பாஸ்வேர்டை வெளியே விற்றுவிட்டான் என்றும் ஒருவர் சொன்னாராம். கமிட்டி அவனிடமிருந்து கொட்டகைச் சாவியை வாங்கிக்கொண்டது. அக்காவிடம் காட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் வகுப்புப் படிக்கும் அவன் தங்கையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டில் சேர்க்கவில்லை. இப்படி ஆறு நாள்.

ஆறாம் நாள் இரவு, வேறு ஒரு கடையின் பழுதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்தக் கடையில் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று யோசித்தபோது சுருக்கென்றது. அங்கே கிட்டத்திலிருந்து தூரத்துக்குப் போனேன். விளக்கு எரிகிறதா, ஒயர் சரியா, கருவிக்கு நம்பர் கிடைத்ததா, அது நம் நம்பர்தானா, கிராணி வரைக்கும் போக முடிகிறதா, கேட்டைத் தாண்ட முடிகிறதா என்று ஒவ்வொன்றாக. என் சொந்தத் தோட்டத்துக்கு இதில் ஒன்றையும் நான் செய்யவில்லை. ஆளைப் பிடித்தாகிவிட்டது என்று எண்ணியதால் பழுதைத் தேடவே இல்லை.

அப்போதே பையனுக்குப் போன் செய்தேன். அக்காதான் எடுத்தார். ஒன்றும் பேசாமல் அவனிடம் கொடுத்தார்.

"தம்பி, உன் அம்மா போன்ல செட்டிங்ஸுக்குள்ள போ. வைஃபை பெயரைத் தொடு. கீழே ஐபி அட்ரஸ்னு நாலு எண் இருக்கும். படி."

"நூத்தித் தொண்ணூத்திரெண்டு, நூத்தி அறுபத்தெட்டு, சைபர், இருபத்திமூணு."

"சரி. இப்ப வராத வீடு ஒண்ணுக்குப் போய் அவங்க போன்ல பாரு."

அந்த நேரத்தில் போய்க் கதவைத் தட்ட அவனுக்கு எப்படி இருந்திருக்கும்! தட்டினான். வாசலில் நின்றே வாங்கிப் பார்த்தான்.

"மாமா, இது வேற மாதிரி இருக்கு. நூத்தித் தொண்ணூத்திரெண்டு, நூத்தி அறுபத்தெட்டு, ஒண்ணு, நூத்தி நாலு. மூணாவது எண்ணு சைபருக்குப் பதிலா ஒண்ணு. நான் தப்பாப் படிக்கிறேனா?"

தப்பாகப் படிக்கவில்லை. 192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் புழங்குவதற்கென்று 1990களில் ஒதுக்கி வைக்கப்பட்டவை. எல்லாத் தோட்டத்திலும் ஐந்தாம் நம்பர் வீடு இருப்பதுபோல, உலகத்தில் எத்தனையோ வீடுகளில் அதே எண்கள் இருக்கும். எங்கள் கொட்டகை ரௌட்டர் கொடுப்பது 192.168.0 வரிசை. 192.168.1 வரிசை ஈப்போவில் என் வீட்டுப் பழைய ரௌட்டர் கொடுத்துவந்தது.

டிசம்பரில் நான் மாட்டிய அந்தப் பெட்டியில் எதை மாற்றினாலும் அது அப்போதைக்குத்தான் நடக்கும். நிரந்தரமாக எழுதி வைக்க, இன்னொரு பக்கத்துக்குப் போய் 'சேவ்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். எல்லாப் பெட்டியும் இப்படி இல்லை. ஆனால் பெரிய அலுவலகங்களில் வைக்கும் ரௌட்டர், ஸ்விட்ச் பலவற்றில் இன்றும் இந்த வழக்கம் உண்டு. தினமும் அந்தப் பொத்தானை அழுத்தும் கை, அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வாசத்தில் மறந்துவிட்டது. கரண்டு போய் வந்த இரவில் பழைய கிராணிக்குப் பழைய நினைவு திரும்பிவிட்டது. காலையில் பெரட்டுக் களத்தில் இரண்டு கிராணிகள்! கைப்பேசி நம்பர் கேட்டால் யார் முந்திப் பதில் சொல்கிறாரோ அவர் சொல்வதுதான். புதியவர் முந்தினால் இணையம் வரும். பழையவர் முந்தினால், அவர் தன் வாசலைக் காட்டுவார். அந்த வாசலுக்கு வெளியே வழியே கிடையாது. பையன் வீடு கொட்டகைக்கு எதிர்வரிசை. அவன் அம்மாவின் போன் ஒரு தடவை சரியான நம்பரை வாங்கிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

"தம்பி" என்றேன். "தப்பு என்னோடது. உன்மேல ஒண்ணும் இல்ல. நான்தான் சேவ் பண்ணாம வந்திட்டேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப இப்ப என்ன செய்யணும் மாமா?" என்றான்.

தலைவரை எழுப்பிச் சாவியைக் கொடுக்கச் சொன்னேன். பழைய ரௌட்டருக்குப் போகும் ஒயரை ஸ்விட்சிலிருந்து பையன் பிடுங்கினான். வீடுகளில் வைஃபையை ஒரு தடவை அணைத்துப் போட்டதும், அந்த இரவிலேயே எல்லாருக்கும் வந்துவிட்டது. மறுநாள் மாலை, ஒயர் இல்லாமல் தனியாக நின்ற பழைய பெட்டியில் அவன் தன் கைப்பேசியை இணைத்து, நான் சொல்லச் சொல்லத் திருத்தினான். முதலில் நம்பர் கொடுப்பதை நிறுத்து. பிறகு அதன் நம்பரை 192.168.0.2 ஆக்கு, பிறகு சேவ். அதோடு விடவில்லை. கரண்டைப் பிடுங்கி, பத்து எண்ணி, திரும்பவும் மாட்டச் சொன்னேன். புதிய நம்பரிலேயே எழுந்தது. இந்தப் பிடுங்கிப் பார்க்கும் சோதனையைத்தான் நான் டிசம்பரில் செய்திருக்க வேண்டும்.

அன்று மாலையே தலைவரின் போனை ஸ்பீக்கரில் வைக்கச் சொல்லி, கொட்டகை வாசலில் தள்ளித் தள்ளி நின்றவர்களிடம் நடந்ததைச் சொன்னேன். தலைவர் இருமினார். கிழவி ஒருத்தி, "அப்ப அந்தப் புள்ளைய ஏன்யா அவ்வளவு பேசினோம்?" என்று கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. அக்கா அங்கே வரவில்லை.

நான் தோட்டத்துக்குப் போக மார்ச் ஆகிவிட்டது. நேரே அக்கா வீட்டுக்குத்தான் போனேன். உட்காரச் சொன்னார். காப்பி கலந்து வைத்துவிட்டு, "மத்தவங்க பேசினது பேச்சோட போச்சு தம்பி. நீ பொய் சொல்லாதேன்னு சொன்னியாமே. அன்னைக்கு ராத்திரி அவன் சாப்பிடல" என்றார். நான் காப்பியைக் குடித்தேன். வேறு என்ன செய்ய?

அந்தத் தடவை ஜாகாவையும் கவனித்தோம். உங்களில் பலர் வைஃபை பாஸ்வேர்டு ஒன்றுதான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டு உண்டு. ஒன்று வைஃபையில் நுழைய. மற்றது ரௌட்டரின் உள்ளே போய் அதன் அமைப்பை மாற்ற. இந்த இரண்டாவதைக் கடையில் வாங்கியபடியே விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். 2016இல் மிராய் என்ற கெட்ட நிரல் ஒன்று, அப்படி மாற்றாமல் விட்ட அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் முயன்று பார்த்தே, லட்சக்கணக்கான கேமராக்களுக்குள்ளும் ரௌட்டர்களுக்குள்ளும் புகுந்துகொண்டது. அந்த அக்டோபரில் அவற்றையெல்லாம் ஏவிவிட்டு ஓர் அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியதில், டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. ஆகவே இரண்டையும் மாற்றுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டாம். வெளியிலிருந்து ரௌட்டரைத் திறக்கும் வசதி இருந்தால் அதை மூடிவையுங்கள்.

இரவு பதினொரு மணிக்கு மேல் பிள்ளைகள் விளையாட்டு ஆடுகிறார்கள், அதை நிறுத்த வேண்டும் என்று கமிட்டி கேட்டது. ஃபயர்வாலில் விதி எழுதினேன். நிற்கவில்லை. பையன் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "மேல எல்லாரையும் விடுன்னு எழுதிட்டு, கீழ நிறுத்துன்னு எழுதியிருக்கீங்களே. ஜாகா மேலேருந்துதானே படிப்பாரு?" என்றான். உண்மைதான். எங்கள் பெட்டி மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்துகிற விதியோடு நின்றுவிடும். வரிசையை மாற்றினேன். நின்றது. பிள்ளைகள் அவனை ஒரு வாரம் திட்டினார்கள்.

உங்கள் வீட்டில் இணையம் நின்றால் பெட்டியின் முதுகில் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியை விட்டுக் குத்தாதீர்கள். அது அமைப்பு முழுவதையும் அழித்துவிடும். அக்கம்பக்கத்தில் இரண்டு போனை வாங்கி நம்பரைப் பாருங்கள். முதல் மூன்று எண்ணும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கணினியில் 169.254 என்று தொடங்கினால், நம்பர் கொடுக்க எந்தக் கிராணியும் பெரட்டுக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்பரெல்லாம் சரி, இணையம் மட்டும் வரவில்லை என்றால் பழுது பெரும்பாலும் கேட்டுக்கு வெளியே. அப்போது நிறுவனத்துக்குப் போன் செய்யலாம்.

அந்தப் பையன் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். போன தீபாவளிக்குத் தோட்டத்தில் புதிய பெட்டி ஒன்றை நான் மாட்டினேன். முடித்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

"சேவ் பண்ணீங்களா மாமா?"

"பண்ணிட்டேன்டா."

அவன் தலையாட்டிவிட்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்க் கரண்டைப் பிடுங்கினான். பத்து வரைக்கும் எண்ணினான்.